கணக்கர் தாயுமானவர்

தாயுமானவர் என்றவுடன் கோவணம் பூண்ட துறவியின் உருவமே நம் மனத்தில் எழுகிறது. அவருடைய இளமை திருச்சிராப்பள்ளி நாயக்கர் அரண்மனையின் வரவு செலவுகளுக்கிடையே கழிந்தது என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

தந்தை கேடிலியப்ப பிள்ளை வேதாரண்யத்துக்காரர். அவரது திறமையைக் கண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கர் திருச்சிக்கு அழைத்துச் சம்பிரதிப் பதவி அளித்தார். மூத்த மகனைத் தமையனுக்குத் தத்துக் கொடுத்துவிட்ட கேடிலியப்பர், மலைக்கோட்டை இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு அவ்விறைவன் பெயரையே சூட்டினார். தந்தைக்குப் பின் பதவி மகனுக்கு வந்தது.

1732 வரை ஆண்ட அம்மன்னர் பக்தியில் குறைந்தவர் அல்லர். திருவரங்கம் கோயிலில் கைகூப்பி நிற்கும் அவருடைய சிலையை இன்றும் காணலாம். ஆயினும், கொடுத்தவன் தான் என்ற நினைவு கொடையோடு போய்விடுவதில்லை. அவர் அளித்த விலையுயர்ந்த சால்வையை, குளிரில் நடுங்கிய ஏழை மூதாட்டி ஒருத்திக்குத் தாயுமானவர் போர்த்திவிட்டார் என்றொரு வழிவழிக் கதை உண்டு. சினந்து கேட்ட மன்னரிடம், திருவானைக்கா அகிலாண்டேசுவரிக்கே அதை அணிவித்ததாக அவர் சொன்னாராம். கதையோ நிகழ்ச்சியோ, ஒரு பொருள் கையில் இருக்கும்போதே மனத்தை விட்டு அகன்றிருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சித்திரம் கிடைப்பதரிது.

மலைக்கோட்டையில் மௌனகுருவைக் கண்டதும் உடன்செல்ல விழைந்தார். குருவோ இல்லறத்தில் இருந்து காத்திருக்கப் பணித்தார். இளைஞனுக்கு அது கடினமான கட்டளைதான்.

மன்னர் மறைந்தபின் அரசி மீனாட்சி அவரை விரும்பியதாகவும், அதனால் அவர் இரவோடிரவாக இராமநாதபுரம் சென்றதாகவும் வரலாறு சொல்வோர் கூறுவர். ஆனால் அரண்மனையை விட்டகன்றதையே துறவென்று அவர் கருதவில்லை போலும். தமையனார் வற்புறுத்தலால் மட்டுவார்குழலியை மணந்தார். கனகசபாபதி என்ற மகன் பிறந்தான். மனைவி இறந்த பிறகே குருவின் அருளால் துறவு பூண்டார்.

சும்மா இருப்பதே சுகம் என்று உபதேசம் பெற்றவர் 1,400க்கும் மேற்பட்ட பாடல்கள் பாடினார் என்பதில் ஒரு முரண் தெரியலாம். அப்பாடல்களில் பல, அடங்காத தம் மனத்தைப் பற்றிய முறையீடுகள். பற்றறுத்து நிறைவு கண்ட பெருமிதத்தை அவற்றில் தேடுவோர் ஏமாறுவர். நாள்தோறும் தோற்று நாள்தோறும் மீண்டும் முயன்றவரின் குரலே அங்கு ஒலிக்கிறது.

இராமநாதபுரம் இலட்சுமிபுரத்தில் அவர் சமாதி உள்ளது. தை மாத விசாகத்தில் அங்கே குருபூசை நடக்கிறது.