கல்லில் காலத்தைக் கண்டவர் – இராபர்ட் புரூஸ் ஃபூட்

எல்லாச் சிப்பியிலும் முத்து இருப்பதில்லை. பொறுமையோடு பார்ப்பவர்க்கே அது கிட்டும். முத்துக்குளித்துறைப் பிள்ளைகளாகிய நாம் இதனை நன்கு அறிவோம். கடலில் அல்லாமல் மண்ணில் முத்தெடுத்த பெரியார் ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

இராபர்ட் புரூஸ் ஃபூட் 1834 செப்டம்பர் 22 அன்று இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். தமிழறிஞர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை மணந்தார். பாறைகளை ஆராய்ந்து வரைபடம் எழுதுவதே அவர் பணி. பிரான்சு நாட்டில் ஆற்றுச் சரளையில் ஆதி மனிதனின் கல்லாயுதங்கள் கிடைத்த செய்தி அவர் உள்ளத்தைத் தொட்டது. நம் நாட்டிலும் அவை இருக்கக்கூடும் என்று கருதி, செல்லுமிடமெல்லாம் தேடினார்.

1863 மே 30! சென்னையை அடுத்த பல்லாவரத்தில், சரளை தோண்டிய குழியில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. பிறர் கண்ணுக்கு அது வெறுங்கல். அவரோ, மனிதக் கை செதுக்கிய தடங்களை அதில் கண்டார். இந்தியாவின் பழைய கற்கால வரலாறு அன்று தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில், தம் தோழர் வில்லியம் கிங்குடன் கொற்றலையாற்றங்கரை அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்.

1880-களில் கர்நூல் குகைகளில் தந்தையும் மகன் ஹென்றியும் அகழ்ந்தபோது விலங்குகளின் எலும்புகள் வெளிப்பட்டன. அவற்றுள் காண்டாமிருகத்தின் எலும்பும் இருந்தது! நம் மாவட்டத்துச் சாயர்புரம் தேரியிலும் சிறு கல்லாயுதங்களை அவர் கண்டெடுத்தார். நாம் நடந்து செல்லும் செம்மணலிலும் பழங்கால மனிதன் வாழ்ந்திருக்கிறான்!

ஓய்வுக்குப் பின் அவர் ஏற்காட்டில் குடியேறினார். அவர் சேர்த்த பொருள்களைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் பெற்றுக்கொண்டது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் மறைந்தார். அத்திரம்பாக்கக் கருவிகளுட் பழமையானவை சுமார் 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்று 2011-இல் அறிஞர்கள் வெளியிட்டனர். அதை அறிய அவர் இல்லை. ஆனால் வழி திறந்தவர் அவரே.

மாணவச் செல்வங்களே! கல் எந்த மண்ணில், எந்த அடுக்கில் கிடந்தது என்பதைக் கொண்டே அதன் காலம் அறியப்படுகிறது. தேரியில் செதுக்கிய கல்லைக் கண்டால் பையில் போட்டுக்கொள்ளாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் கூறுங்கள். இடம் மாறிய கல் பேசாது. இருந்த இடத்திலிருக்கும் கல்லே நம் முன்னோர் கதையைச் சொல்லும்.