மூணு வருஷம், 83 மேட்ச், 3,667 பாயின்ட்

நம்ம காலேஜ் பேஸ்கெட்பால் கோர்ட்டில் சாயங்காலம் ஆடுறவங்க யாரையாவது நிறுத்தி, பிடிச்ச பிளேயர் யாருன்னு கேட்டுப் பாருங்க. கர்ரி, லெப்ரான், கோபி. பீட் மாரவிச்னு ஒருத்தர்கூட சொல்ல மாட்டாங்க. நானும் போன வருஷம் வரைக்கும் அந்தப் பேரைக் கேள்விப்பட்டதில்லை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுத வேண்டிய ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு யூடியூபில் பழைய வீடியோ ஒண்ணு வந்தது. தொளதொளன்னு சாக்ஸ், நெற்றியில் விழுற முடி, ஒரு பக்கம் பார்த்துக்கிட்டே இன்னொரு பக்கம் பாஸ் கொடுக்கிற ஒல்லியான பையன். அன்னிக்கு ரிப்போர்ட் முடியலை.

பீட் 1947-ல் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்ற ஸ்டீல் ஆலை ஊரில் பிறந்தவர். அப்பா பிரஸ் மாரவிச் ஒரு கோச். பேஸ்கெட்பால்தான் அவருக்கு உலகம், அந்த உலகத்தை அப்படியே மகன் கையில் கொடுத்தார். சின்ன வயசிலேயே தினமும் மணிக்கணக்கில் பயிற்சி. கண்ணைக் கட்டிக்கிட்டு டிரிபிள், சைக்கிள் ஓட்டிக்கிட்டே டிரிபிள், சினிமா தியேட்டரில் ஓர சீட்டில் உட்கார்ந்து படம் பார்த்துக்கிட்டே டிரிபிள். அப்பா மெதுவா கார் ஓட்ட, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ரோட்டில் பந்தைத் தட்டிக்கிட்டே போறது இன்னொரு பயிற்சி. பந்தை இடுப்புப் பக்கத்திலிருந்து தூக்கி எறிஞ்சதால், துப்பாக்கியை உருவுற மாதிரி இருக்குன்னு ‘பிஸ்டல்’ என்ற பட்டப்பேர் வந்தது. கடைசி வரை அவர் ‘பிஸ்டல் பீட்’தான்.

1966-ல் அப்பாவுக்கு லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டியில், அதாவது எல்எஸ்யூவில், கோச் வேலை கிடைத்தது. மகனும் அதே காலேஜில் சேர்ந்தார். அப்போ இருந்த விதிப்படி முதல் வருஷ மாணவர்கள் மெயின் டீமில் ஆட முடியாது. அதனால் அந்த வருஷம் பீட் ஜூனியர்களுக்கான டீமில் ஆடினார். அப்பாவின் மெயின் டீம் அந்த சீசனில் 26 மேட்சில் 3-ல் மட்டும் ஜெயித்தது.

அடுத்த மூணு வருஷக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. 83 மேட்ச், 3,667 பாயின்ட், சராசரி 44.2. மூணு பாயின்ட் கோடு அப்போ கிடையாது. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் ரெண்டுதான். ஷாட் கிளாக்கும் இல்லை, எதிர் டீம் பந்தைக் கையில் வெச்சுக்கிட்டு நேரத்தை ஓட்டலாம். 1970 பிப்ரவரியில் அலபாமாவுக்கு எதிரே ஒரே மேட்சில் 69 அடித்தார். 2023-ல் அன்டோயின் டேவிஸ் என்ற பிளேயர், மூணு பாயின்ட் கோடு இருக்கிற காலத்தில், அஞ்சு சீசனில் 144 மேட்ச் ஆடி 3,664-ல் நின்றார். மூணே பாயின்ட் குறைவு. அடுத்த வருஷம் கெய்ட்லின் கிளார்க் பெண்கள் ஆட்டத்தில் அந்த எண்ணைத் தாண்டினார், அதுவும் நாலு சீசனில். ஆண்களில் இன்னும் பீட்தான் முதலிடம்.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. பீட் ஒரு மேட்சுக்குச் சராசரியா 38 ஷாட் எடுத்தார். வேற எந்த கோச்சாவது விட்டிருப்பாரா? கோச் அப்பா என்பதால் நடந்தது. அவ்வளவு அடித்தும் எல்எஸ்யூ அந்த மூணு வருஷத்தில் ஒரு தடவைகூட என்சிஏஏ டோர்னமென்டுக்குள் போகலை. இது சுயநலம்னு அப்பவே பேசினாங்க. நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். 3 வெற்றியில் இருந்த டீம் அவருடைய கடைசி வருஷத்தில் 22 வெற்றிக்கு வந்தது. ஆனால் அந்தப் பையனை ஆட்டத்தைத் தவிர வேற எதையும் தெரியாம வளர்த்தது சரியா என்ற கேள்வி எனக்கு இன்னும் போகலை.

என்பிஏ வாழ்க்கையைச் சுருக்கமா சொல்றேன். 1970-ல் அட்லான்டா ஹாக்ஸ் கிட்டத்தட்ட 19 லட்சம் டாலருக்கு எடுத்தது. அந்தத் தொகையே கூட ஆடினவங்களுக்கு எரிச்சல். 1974-ல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் டீமுக்குப் போனார். அதே வருஷம் அம்மா ஹெலன் தற்கொலை செய்துகொண்டார். குடி, தனிமை, எதிலும் பிடிப்பில்லாத நாட்கள். அதுக்கு நடுவில்தான் 1977-ல் நியூயார்க் நிக்ஸுக்கு எதிரே 68 பாயின்ட். அடுத்த வருஷம் முழங்கால் போச்சு. 1980-ல் ஓய்வு. கடைசியா அவர் ஆடின பாஸ்டன் டீம் அடுத்த வருஷமே கோப்பை வாங்கியது.

பிறகு கிறிஸ்தவ நம்பிக்கையில் அமைதி கண்டார், குடியை விட்டார். 1987 ஏப்ரலில் அப்பா கேன்சரில் இறந்தார். கடைசி மாதங்களில் கூடவே இருந்து பார்த்துக்கிட்டது பீட்தான். சில வாரத்தில் ஹால் ஆஃப் ஃபேமில் பீட் பேர் சேர்ந்தது.

1988 ஜனவரி 5. ஒரு ரேடியோ நிகழ்ச்சிக்காக கலிஃபோர்னியாவின் பாசடீனாவுக்குப் போனவர், காலையில் அங்கே ஒரு சர்ச் ஜிம்மில் நண்பர்களோடு சும்மா ஆடினார். இடைவெளியில் அப்படியே சரிந்து விழுந்தார். வயசு 40. ரெண்டு சின்னப் பசங்களுக்கு அப்பா.

பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. நம்ம இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோக இடது, வலதுன்னு ரெண்டு கரோனரி தமனி இருக்கும். பெரும்பங்கு வேலை இடதுக்கு. பீட்டுக்குப் பிறவியிலேயே அந்த இடது தமனி கிடையாது. ரிடண்டன்சி இல்லாத சிஸ்டம்னு நாம வகுப்பில் படிப்போமே, அதுதான். வலது ஒண்ணே பெரிசாகி நாற்பது வருஷம் மொத்த வேலையையும் இழுத்தது. இப்படிப் பிறக்கிறவங்க பலர் இருபதைத் தாண்டுறதே கஷ்டம். இவர் அந்த இதயத்தை வெச்சுக்கிட்டுதான் மேட்சுக்கு 44 பாயின்ட் அடிச்சாரு.

எல்எஸ்யூவின் பெரிய அரங்கத்துக்கு அந்த வருஷமே அவர் பேர் வைத்தாங்க. அவர் காலேஜை விட்ட பிறகு, 1972-ல் திறந்த அரங்கம் அது. ஒரு காலேஜ் மேட்ச்கூட அவர் அதில் ஆடியதில்லை. அவர் ஆடினதெல்லாம் கால்நடைக் கண்காட்சி நடக்கிற ஒரு பழைய கொட்டகையில்.