‘ஹார்மோன்’ என்ற சொல்லைத் தந்த ஸ்டார்லிங்: சாப்பிட்டதும் குடலுக்கு ரத்தம் பாய்வது எப்படி?

2025-ல் ரீல்ஸில் வைரலான கூமாப்பட்டிக்குப் போறவங்க, அப்படியே தாணிப்பாறை வழியா சதுரகிரியும் ஏறுவது உண்டு. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் பாதி வழியிலேயே வயிற்றைப் பிடிக்கும். செரிக்கக் குடலும் ரத்தம் கேட்கும், ஏறக் காலும் ரத்தம் கேட்கும். இந்தப் போட்டியைப் புரிந்துகொள்ள வழி திறந்தவர்களில் ஒருவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங்.

யார் இவர்?

1866-ல் லண்டனில் பிறந்தவர். அப்பாவுக்கு பம்பாய் நீதிமன்றத்தில் வேலை. மருத்துவம் படித்த ஸ்டார்லிங், நோயாளிகளைப் பார்ப்பதைவிட ஆய்வுக்கூடத்தையே விரும்பினார். நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் வழியே நீர் எப்படி வெளியேறி, எப்படித் திரும்புகிறது என்று 1896-லேயே விளக்கினார்.

1902 ஜனவரி 16-ல் என்ன நடந்தது?

கணையத்தைச் சுரக்க வைப்பது நரம்புதான் என்பது அப்போது ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் முடிவு. தங்கை கணவர் வில்லியம் பேலிஸுடன் சேர்ந்து, மயக்க மருந்து கொடுத்த நாயின் சிறுகுடலில் ஒரு பகுதிக்குப் போகும் நரம்புகளை ஸ்டார்லிங் துண்டித்தார். அதற்குள் அமிலத்தை விட்டதும் கணையம் சுரந்தது. நரம்பே இல்லையே, தகவல் போனது எப்படி?

அடுத்து, குடலின் உள்சவ்வைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி, ரத்தத்தில் செலுத்தினார். மறுபடியும் கணையம் சுரந்தது. தகவல் போனது ரத்தம் வழியாக! அந்தப் பொருளுக்கு ‘செக்ரெடின்’ என்று பெயர் வைத்தனர். இப்படி ரத்தத்தில் பயணிக்கும் தூதுப் பொருள்களை ‘ஹார்மோன்’ என்று 1905-ல் ஸ்டார்லிங் அழைத்தார். தூண்டுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. பாவ்லோவும் சோதனையைத் தன் ஆய்வுக்கூடத்தில் செய்துபார்க்க வைத்து, ஒப்புக்கொண்டார்.

ரத்த ஓட்டத்துக்கு என்ன தொடர்பு?

சாப்பிட்டதும் குடலின் ரத்த ஓட்டம் இரண்டு மடங்குக்கு மேல்கூட ஆகும். பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் பிடிக்கும். இதற்குக் கைகொடுப்பவை இரண்டு என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின.

ஒன்று, செக்ரெடின் போன்ற குடல் ஹார்மோன்கள். இரண்டாவது, ஆக்சிஜன் பற்றாக்குறை. மும்முரமாக வேலை செய்யும் குடல் ஆக்சிஜனை வேகமாகச் செலவழிக்கும். அளவு குறைந்ததும் அடினோசின் போன்ற பொருள்கள் வெளியாகி, ரத்தக் குழாய்களை விரிக்கும். ஆக்சிஜன் குறைவு மட்டுமே குடலின் ரத்த ஓட்டத்தை 50 முதல் 100 சதவீதம் வரை கூட்டலாம்.

ஆனால் மலை ஏறும்போது நரம்புகள் குடலின் குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தைக் காலுக்குத் திருப்பிவிடும். வயிறு முரண்டு பிடிக்க இதுவும் ஒரு காரணம்.

கடைசியில் என்ன ஆனார்?

1904-ல் பாவ்லோவுக்கு நோபல் கிடைத்தது. ஸ்டார்லிங்குக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. குடலைப் படித்தவருக்கே பெருங்குடலில் புற்றுநோய் வந்து, 1920-ல் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகும் ஆய்வை விடவில்லை. 1927 மே மாதம் கப்பல் பயணத்தில் ஜமைக்காவை அடைந்தபோது, 61 வயதில் இறந்தார்.

அவர் தந்த சொல் இன்று பல லேப் ரிப்போர்ட்டுகளில் இருக்கிறது. சதுரகிரி ஏறும் நாளில் மட்டும், டிபனை அளவாக முடித்துக்கொள்வது நல்லது.