இளைப்பாறுதல் தேடிய கவிஞர்

மாணவர்களே, மறையூரிலும் காந்தளூரிலும் கரும்பு வெட்டும் காலத்தில், சும்மாடு வைத்த தலையில் கரும்புக் கட்டைச் சுமந்துகொண்டு வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்கு வருவோரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டை இறக்கியவுடன் அவர்கள் பேசுவதில்லை. பிடரியைத் தடவியபடி சிறிது நேரம் நிற்பார்கள். பிறகே தண்ணீர் கேட்பார்கள். சாலைகளும் வண்டிகளும் பெருகாத நாளில் நெடுந்தொலைவு சுமை கொண்டு நடந்தவர்களுக்காக நம் முன்னோர் வழியோரங்களில் சுமைதாங்கிக் கற்களை அமைத்தனர். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். சுமப்பவரின் தலைக்கு ஏற்ற உயரத்தில் அது இருக்கும். ஆகவே தனியே வருபவரும் பிறர் கைகொடுக்காமலே சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்து ஓய்வு கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக இக்கல்லை நாட்டும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. கேரளத்தில் இதற்கு அத்தாணி என்று பெயர். அப்பெயரிலேயே அங்கு ஊர்களும் உள்ளன.

தலைச்சுமைக்குக் கல் உண்டு. உள்ளத்தில் இருக்கும் சுமையை எங்கே இறக்குவது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையில் வாழ்ந்த ஒரு தமிழாசிரியர் இக்கேள்வியோடு பல ஆண்டுகள் நடந்தார். அவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அவரை எச். ஏ. கிருட்டிணனார் என்று குறிப்பிடும்.

அவர் 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். வைணவ நெறியில் ஊன்றிய குடும்பம் அது. கம்பராமாயணம் அவ்வீட்டில் வெறும் ஏட்டுச் சுவடியாக இராமல், கேட்டும் சொல்லியும் மகிழும் செல்வமாக விளங்கியது. இளமையில் காதில் விழும் செய்யுள் ஓசை எளிதில் மறைவதில்லை. கிருஷ்ணபிள்ளையின் வாழ்நாள் முழுவதும் கம்பனின் நடை அவரோடு வந்தது. இலக்கணமும் இலக்கியமும் முறையாகக் கற்று, இளம் வயதிலேயே புலமை மிக்கவர் என்று பெயர் பெற்றார்.

1853-ஆம் ஆண்டில் சாயர்புரத்தில் கிறித்தவ சபையார் நடத்திய கல்விச்சாலையில் தமிழாசிரியராக அமர்ந்தார். இவ்வூர் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் முன்னர்ப் பணியாற்றிய இடமும் இதுவே. நெற்றியில் திருமண் துலங்கக் கிறித்தவ மாணவர்க்குத் தமிழ் கற்பித்த கிருஷ்ணபிள்ளை, அம்மாணவர்களின் சமயத்தைத் தொடக்கத்தில் விரும்பவில்லை. குறை காணும் எண்ணத்தோடுதான் அதனைக் கவனித்தார். இதை நான் குற்றமாகக் கொள்ளவில்லை. தம் நெறியில் உறுதியுள்ளவர் பிற நெறியை முதலில் ஐயத்தோடு பார்ப்பது இயல்பே.

இந்நிலையில் அவருடைய தம்பி முத்தையா பிள்ளையும் நண்பர் தனகோடி ராஜுவும் கிறித்தவ சமயத்தைத் தழுவினர். வெறுத்து ஒதுக்கியது தம் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டது. எதிர்த்து வாதிடுவதற்காகப் படிக்கத் தொடங்கிய நூல்கள் மெல்ல மெல்ல அவரைத் தம்மிடமே திருப்பின. தாம் செய்த பிழைகள் எவை, அவற்றின் சுமையை யார் ஏற்பார் என்ற வினா எழுந்தது. கற்ற கல்வி விடை தரவில்லை. நன்னூலில் தேர்ந்தவர்க்கு மனத்தில் விழுந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியவில்லை. வெளியே எவரிடமும் கூறாமல், உள்ளத்துக்குள்ளேயே கிறித்துவை நோக்கி மன்றாடத் தொடங்கினார்.

மன்றாடுதல் என்னும் சொல்லைச் சற்று நோக்குங்கள். மன்று என்பது ஊர்ப் பொதுவிடம். வழக்குரைக்கும் அவையும் அதுவே. முறையிட வேறு இடம் இல்லாதவர் அங்கே சென்று நிற்பர். தமிழ்க் கிறித்தவர் செபத்திற்கு இச்சொல்லையும் வழங்குகின்றனர். இறைவனிடம் கேட்பது என்பதைவிட, இறைவன்முன் போய் நிற்பது என்ற பொருள் இதில் மிகுதி. வேண்டிய பொருள்களை வரிசையாக அடுக்குவதே வேண்டுதல் என்று நாம் பல வேளைகளில் எண்ணிவிடுகிறோம். தேர்வு நாள் காலையில் எல்லோர்க்கும் பக்தி வருவது அதனால்தான். கிருஷ்ணபிள்ளையின் மன்றாட்டு வேறு வகையைச் சேர்ந்தது. தன்னால் ஆகாது என்று ஒப்புக்கொண்டு, முழுமையாகத் தன்னை ஒப்படைப்பது. இதைச் சரணாகதி என்ற பெயரில் வைணவம் அவருக்கு முன்பே கற்பித்திருந்தது. அடைக்கலம் புகுதல் என்னும் பழக்கமான பாதை வழியேதான் அவர் புதிய வாயிலை வந்தடைந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த மன்றாட்டில் அவர் மனம் அமைதி பெற்றது. உறவினர் நடுவே இதை வெளிப்படுத்துவது எளிதாக இல்லை. 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னையில், மயிலாப்பூர் ஆலயத்தில், திருமுழுக்குப் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பது. ஹென்றி ஆல்பிரடு என்ற பெயர் சேர்ந்தது, எச். ஏ. என்னும் முன்னெழுத்துகள் அதனைக் குறிப்பன. ஆனால் பெற்றோர் இட்ட கிருஷ்ணன் என்ற பெயரை அவர் விடவில்லை. இறுதிவரை கிருஷ்ணபிள்ளையாகவே வாழ்ந்தார்.

இவ்விடத்தை விரைந்து கடந்துவிடக் கூடாது. சமயம் மாறுதல் அக்காலத்தில் ஒருவரோடு முடியும் செய்தி அன்று. ஒரே பந்தியில் உண்ணும் உரிமை, மணவுறவு, ஊரில் நிற்கும் இடம் அனைத்தும் அதனோடு பிணைந்திருந்தன. பெற்ற தாய்க்கும் கைப்பிடித்த மனைவிக்கும் அது பெருந்துயரம் அளித்திருக்கும். அமைதி கிடைத்தது உண்மை. அதன் பொருட்டு அவரும் அவரைச் சேர்ந்தோரும் பட்ட துன்பமும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். உங்களுள் பலர் வேறு நெறிகளைச் சேர்ந்தவர்கள். எந்த நெறி சிறந்தது என்று ஆராய்வது இப்பாடத்தின் நோக்கம் ஆகாது. ஒரு மனிதர் தாம் தேடியதை எங்கே கண்டார், கண்டபின் தம் தமிழைக் கொண்டு என்ன செய்தார் என்பதே நாம் காண வேண்டியது.

சென்னையில் சில காலம் பணிபுரிந்தபின் நெல்லைக்குத் திரும்பி, பாளையங்கோட்டையில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தார். திருவனந்தபுரத்திலும் சிறிது காலம் ஆசிரியராக இருந்தார். நம்மைப் போலவே அவரும் மலையாள நாட்டில் தமிழ் பேசியவர்!

அவரை ஆட்கொண்ட நூல்களுள் ஒன்று, ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உருவகக் கதை. பனியன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுதுபார்க்கும் தொழிலாளர். அரசின் இசைவின்றிச் சமயச் சொற்பொழிவு ஆற்றியதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தவர். முதுகில் பெருஞ்சுமையோடு ஒருவன் அழியப்போகும் நகரைவிட்டுப் புறப்படுகிறான். சேற்றில் விழுகிறான், தவறான வழிகாட்டிகளிடம் அகப்படுகிறான். சிலுவையின் முன் வந்து நிற்கும்போது சுமை தானே அவிழ்ந்து உருண்டு போகிறது. அதன் பின்னரும் அவன் நெடுந்தொலைவு நடந்தாக வேண்டும். சுமை நீங்கிய பின்னும் வழி நீள்கிறது என்பதே அக்கதையின் உயிர்நிலை என்பேன்.

இக்கதையைத் தழுவிக் கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை இயற்றினார். மொழிபெயர்ப்போடு அவர் நிற்கவில்லை. உரைநடையாக இருந்த கதையை விருத்தப் பாக்களில் பெருங்காப்பியமாக வளர்த்தார். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்கள், 3,766 பாடல்கள். பனியன் விரித்துரைக்காத இயேசுவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரிவாகப் பாடினார். நற்போதகம் என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894-ஆம் ஆண்டு இக்காப்பியம் நூலாயிற்று. பதின்மூன்று ஆண்டுகள் என்றால், நீங்கள் பள்ளியில் சேர்ந்த நாள் முதல் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் நாள் வரை ஒருவர் ஒரே நூலை எழுதிக்கொண்டிருப்பதாக எண்ணிப் பாருங்கள். கிறித்தவக் கம்பர் என்று தமிழுலகம் அவரைப் போற்றுகிறது.

அந்நூலில் எனக்கு மிகவும் விருப்பமான பகுதி கதையில் இல்லை. யாத்திரிகனின் பயணத்துக்கு இடையிடையே கிருஷ்ணபிள்ளை இசைப்பாடல்களை வைத்தார். அவற்றுக்குத் தேவாரம் என்றே பெயரிட்டார். சைவ அடியார்களின் பாடலுக்கு உரிய பெயரை எடுத்துக்கொள்ள அவர் கூசவில்லை. அன்பினால் உருகி இறைவனைப் பாடுவதற்குத் தமிழில் அதைவிட நெருங்கிய பெயர் வேறு இல்லை என்று கருதினார் போலும். போற்றித் திருவகவல் என்னும் அவருடைய மற்றொரு நூலின் பெயரும் மாணிக்கவாசகரை நினைவூட்டும். கதையை வேகமாகப் படித்துச் செல்பவரும் தேவாரப் பாடல்களில் நின்றுவிடுவர். அங்கே யாத்திரிகன் எதையும் கேட்பதில்லை. நடந்த களைப்போடு இறைவன் அருகே இருக்கிறான்.

தமிழ் விவிலியத்தில் இந்நிலைக்கு இளைப்பாறுதல் என்ற சொல் வழங்குகிறது. இளைப்பு என்பது களைப்பு. ஆறுதல் என்பது தணிதல். காய்ச்சிய பால் ஆறும், புண் ஆறும், பசி ஆறும், கோபம் ஆறும். எதுவும் ஒரு நொடியில் ஆறிவிடாது. பாகு கொப்பரையிலிருந்து இறங்கியவுடன் கையால் உருண்டை பிடிக்க முடியாது என்பது மறையூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். கிருஷ்ணபிள்ளையின் உள்ளமும் அவ்வாறு மெல்ல ஆறியது. திருமுழுக்குப் பெற்ற நாளுக்கும் காப்பியம் நூலான ஆண்டுக்கும் இடையில் முப்பத்தாறு ஆண்டுகள் உள்ளன. அவ்வாண்டுகளில் அவர் வகுப்பறையில் பாடம் நடத்தினார், மன்றாடினார், பாடல் எழுதினார்.

முதுமையில் தம் தனிப்பாடல்களைத் தொகுத்து இரட்சணிய மனோகரம் என்ற பெயரில் 1899-இல் வெளியிட்டார். மறு ஆண்டு, 1900 பிப்ரவரி 3-ஆம் நாள் இயற்கை எய்தினார். தென் மாவட்டங்களின் ஆலயங்களில் அவர் இயற்றிய கீர்த்தனையை இன்றும் பாடுகிறார்கள். பாடுவோருள் பலருக்கு அதை எழுதியவர் யார் என்று தெரியாது. வரிகள் மட்டும் மனப்பாடமாக இருக்கும்.