உபதேசியார்களுக்குப் பாடம் எழுதிய வீரமாமுனிவர்

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குப் பரமார்த்த குருவைத் தெரியாமல் இருக்காது. ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்துப் பார்த்தவர்களும், குதிரை முட்டை என்று நம்பிப் பூசணிக்காயை விலைக்கு வாங்கியவர்களும் அவருடைய சீடர்கள்தாம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து பெயர்களைச் சொன்னாலே பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். அந்தக் கதையை எழுதியவர் வீரமாமுனிவர். மேல்வகுப்புக்குப் போனவர்கள் தேம்பாவணி, சதுரகராதி, எழுத்துச் சீர்திருத்தம் என்று இன்னும் மூன்று செய்திகளை மனப்பாடம் செய்திருப்பார்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

அவர் எழுதிய இன்னொரு நூல் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் பெயர் மட்டும் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதன் பெயர் வேதியர் ஒழுக்கம். வேதியர் என்றதும் வேதம் ஓதும் அந்தணர் என்றுதான் தோன்றும். அன்றைய தமிழ்க் கத்தோலிக்கர்கள் தங்கள் சமயத்தைச் சத்திய வேதம் என்று அழைத்தார்கள். அந்த வேதத்தைக் கற்றுக்கொடுக்கும் குடும்பஸ்தர், அதாவது குருவானவர் அல்லாத சாதாரண மனிதர், வேதியர் எனப்பட்டார். நம் ஊர்ப் பேச்சில் அவர்தான் உபதேசியார்.

கெடாவின் தோட்டங்களில் வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் போன்ற பட்டணங்களில் கோயிலும் குருவானவரும் இருப்பார்கள். பீடோங், பாடாங் செராய் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் சின்னச் சிற்றாலயமோ, லயத்து வீட்டுச் சுவரில் மாட்டிய மாதா படமோ இருக்கும். சாமியார் வரும் நாள் எப்போதாவது ஒருமுறை. மற்ற நாட்களில் செபம் சொல்ல, பிள்ளைகளுக்கு மந்திரம் படித்துக்கொடுக்க, சாவு வீட்டில் முன்னால் நிற்க ஒருவர் வேண்டும். விடியற்காலையில் பெரட்டில் நின்று, பகலில் பால்மரம் வெட்டி, மாலையில் குளித்துவிட்டுச் செபப் புத்தகத்தை எடுத்த மனிதர் அவர்.

அந்த வேலைக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது ஒரு சிரமம். தேர்ந்தெடுத்தவரை எப்படித் தயார் செய்வது என்பது அதைவிடப் பெரிய சிரமம். ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்பு இந்த இரண்டாவது கேள்விக்குத் தமிழில் விரிவாகப் பதில் எழுதியவர் வீரமாமுனிவர்.

அவருடைய இயற்பெயர் கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி. 1680 நவம்பர் 8ஆம் தேதி இத்தாலியின் கஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். கத்தோலிக்கர்கள் ஞானப்பிரகாசியார் என்று வணங்கும் புனிதர் அலோய்சியுஸ் பிறந்ததும் அதே ஊர்தான். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார்; 1709இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே லிஸ்பனில் கப்பலேறிக் கோவாவில் இறங்கினார். 1711இல் தமிழ்நாட்டுக்குள் வந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாத வயது முப்பது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவருடைய நூல்களைப் பார்க்க வேண்டும்.

அவர் வந்து சேர்ந்தது மதுரை மிஷன். 1606இல் தத்துவ போதகர் மதுரைக்கு வந்து தொடங்கிய பணி அது. கன்னியாகுமரி முதல் செஞ்சி வரை விரிந்த நிலப்பரப்பு. குருக்களோ விரல் விட்டு எண்ணிவிடலாம். நாயக்கர் ஆட்சி தளர்ந்து, பாளையக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் இழுத்த காலம். படை நடமாட்டமும் பஞ்சமும் சேர்ந்துகொண்டால் குருவானவர் ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை போவதே பெரிய காரியம். அவர் போகாத நாட்களில் அந்த ஊரில் சமயம் என்று ஒன்று உயிரோடு இருந்தது என்றால் அது உபதேசியாரால்தான். ஞாயிற்றுக்கிழமை மக்களைக் கூட்டினார். புதிதாகச் சேர வந்தவர்களுக்குப் பாடம் சொன்னார். சாகக் கிடந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இறந்தவர்களை அடக்கம் செய்தார். சண்டை சச்சரவையும் தீர்த்து வைத்தார்.

இந்த ஏற்பாடு வீரமாமுனிவர் கண்டுபிடித்ததல்ல. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளை என்ற பெயரில் ஒருவரை நிறுத்திவிட்டுப் போனார். அவர்களுக்குச் சம்பளமும் ஏற்பாடு செய்தார். அதே சவேரியார்தான் 1545இல் மலாக்காவுக்கும் வந்தவர். ஆனால் மந்திரம் தெரிந்தவரெல்லாம் உபதேசியார் ஆகிவிட முடியாது என்பது அடுத்த நூறு ஆண்டுகளில் எல்லாருக்கும் புரிந்துபோனது.

வீரமாமுனிவரின் தொடக்ககாலம் தென்மாவட்டங்களில் கழிந்தது. காமநாயக்கன்பட்டி, கயத்தாறு வட்டாரங்களில் பணியாற்றினார். குருக்கள்பட்டியில் பிடிபட்டு, மரண தண்டனை வரை போய்த் தப்பினார். அப்படிப்பட்ட நேரங்களில் குருவானவரோடு சேர்த்து முதலில் அடிபடுகிறவர் உபதேசியார். வெளிநாட்டுக்காரரைத் தொட்டால் கேள்வி வரலாம்; உள்ளூர்க்காரரை அடித்தால் யார் கேட்பார்கள்? பிற்காலத்தில் அவர் பொறுமையைப் பற்றி உபதேசியார்களுக்கு எழுதியதை இந்த அனுபவத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிறகு வடக்கே வந்தார். இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சி அவருடைய பேர் சொல்லும் ஊராயிற்று. அங்கே அடைக்கல மாதா கோயில். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகமும் பாடினார். கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவைச் சேலை கட்டிய தமிழ்ப் பெண்ணாக வைத்தவரும் அவரே. வளனார் என்னும் சூசையப்பரைத் தலைவனாக வைத்து அவர் பாடிய தேம்பாவணி 1726இல் முடிந்தது. 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். கம்பனையும் சீவக சிந்தாமணியையும் ஊன்றிக் கற்காமல் அப்படி ஒரு காப்பியத்தை எழுதியிருக்க முடியாது.

இப்படி ஒரு காப்பியத்தை எழுதிய கை, அடுத்து எடுத்தது எளிய உரைநடையை. வேதியர் ஒழுக்கமும் வேத விளக்கமும் 1720களின் கடைசி ஆண்டுகளில் வந்தவை. காரணம் ஊருக்குள்ளேயே இருந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரிகள் அச்சுக்கூடம் அமைத்து, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுவிட்டார்கள். தஞ்சாவூர்ச் சீமையில் அவர்களுடைய உபதேசிமார் ஊர் ஊராகப் போனார்கள். கத்தோலிக்கர் பக்கம் இருந்து சிலர் அங்கே மாறினார்கள். மாறியவர்களில் உபதேசம் செய்யக்கூடியவர்களும் இருந்தார்கள். அச்சடித்த புத்தகம் அந்தப் பக்கம், ஓலைச்சுவடி இந்தப் பக்கம். வீரமாமுனிவர் பதிலுக்கு வேத விளக்கம், பேதகம் மறுத்தல், லுத்தேரினத்து இயல்பு என்று கண்டன நூல்கள் எழுதினார். அவற்றின் சூடு இன்று படிப்பவர்களுக்கு ஒவ்வாது. பல சபைகள் ஒரே தாமானில் வாழும் இந்நாளில் ஒவ்வவும் வேண்டாம்.

வேதியர் ஒழுக்கம் வேறு வகை. அது எதிரிக்கு எழுதப்பட்டதல்ல, தம் ஆட்களுக்கு எழுதப்பட்டது. மதுரை மிஷனில் உபதேசியார்களை ஆண்டுக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூட்டித் தியானம் நடத்தும் வழக்கம் இருந்தது. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மப் பயிற்சி முறை அதற்கு அடிப்படை. அமைதியாக இருந்து, தன் பாவம், சாவு, தீர்ப்பு, இயேசுவின் வாழ்வு ஆகியவற்றை வரிசையாகச் சிந்திக்க வைக்கும் முறை அது. அந்தப் பயிற்சியைத் தமிழ்க் குடும்பஸ்தர்களுக்கு ஏற்றபடி வடித்த நூல்தான் வேதியர் ஒழுக்கம்.

உபதேசியார் எத்தனை மந்திரம் தெரிந்திருக்க வேண்டும், எந்தத் திருநாளில் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலை அதில் எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்துபோவார். உபதேசியார் எப்படிப்பட்ட மனிதராக இருக்க வேண்டும் என்பதுதான் நூல் முழுக்கப் பேச்சு. கற்பிக்கும் அழைப்பு எவ்வளவு பெரியது, அதைப் பெற்றவன் தன்னை முதலில் திருத்திக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும், தாழ்ச்சி எது, பிறர் ஆன்மாவின் மீது அக்கறை எது, துன்பம் வந்தால் எப்படித் தாங்குவது என்று போகும். இடையிடையே உவமைகளும் சின்னக் கதைகளும் வரும். வாயால் சொல்வது ஒன்று, வீட்டில் நடப்பது வேறொன்று என்றால் ஊர் அதை உடனே கண்டுபிடித்துவிடும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். பக்கத்து வீட்டுச் சண்டை கேட்கும் லயத்தில் ஒரு மனிதன் தன் குணத்தை மறைக்க முடியாது.

இதற்கும் பரமார்த்த குருவுக்கும் இடையில் ஒரு தொடர்பைப் பார்க்கலாம். அந்தக் கதையை அவர் தம் தமிழ் இலத்தீன் அகராதியோடு சேர்த்தது, புதிதாக வரும் மிஷனரிகள் பேச்சுத் தமிழைப் பழகட்டும் என்பதற்காக. 1822இல் பாபிங்டன் என்பவர் அதை ஆங்கிலத்தோடு சேர்த்து லண்டனில் அச்சிட்டார். நோக்கம் மொழிப் பயிற்சியாக இருந்தாலும், தெரியாத குருவும் யோசிக்காத சீடர்களும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதுதானே கதை? நல்ல ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு நூல், அப்படி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நூல். இரண்டையும் எழுதியது ஒரே ஆள்.

மொழியைப் பயிற்சியின் பகுதியாகவே அவர் பார்த்தார். பேச்சுத் தமிழுக்குக் கொடுந்தமிழ் இலக்கணம், புலவர் தமிழுக்குச் செந்தமிழ் இலக்கணம், ஐந்திலக்கணத்துக்குத் தொன்னூல் விளக்கம், சொற்பொருளுக்கு 1732இல் சதுரகராதி. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். எகர ஒகரங்களில் குறிலையும் நெடிலையும் பார்த்த உடனே பிரித்தறியும்படி எழுத்தைத் திருத்தியதும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும். புள்ளி இல்லாவிட்டால் குறிலா நெடிலா என்று தடுமாற்றம். கூட்டத்தில் நின்று உரக்க வாசிக்கிற ஒருவருக்கு இது எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை அச்சிட்டது அவர் கண்டனம் எழுதிய அதே தரங்கம்பாடி அச்சுக்கூடம். 1738ஐ ஒட்டி அது வெளிவந்தது. சண்டை சண்டையாக இருக்க, நல்ல இலக்கணத்தை அவர்கள் விடவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். மதுரை மிஷன் சாதியைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தவில்லை. மேல்சாதியாருக்கு ஒரு வழி, ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வழி என்றே பல ஊர்களில் வழிபாடும் போதனையும் நடந்தன. உபதேசியார்களும் அந்தக் கோடுகளுக்கு உட்பட்டே வேலை செய்தார்கள். தாழ்ச்சியைப் பற்றி அவ்வளவு எழுதிய முனிவர் இந்த ஏற்பாட்டைக் குலைக்கவில்லை. இலக்கியச் சாதனையை மட்டும் அடுக்கும் மேடைப் பேச்சுகளில் இது காணாமல் போகிறது. அதேபோல, அவர் சந்தா சாகிபுவுக்குத் திவானாக இருந்தார் என்ற கதையும் மேடையில் அடிக்கடி வரும். 19ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வரலாற்றில் தொடங்கிப் பரவிய செய்தி அது. ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை.

தைரியநாதர் என்பதே அவர் தமிழ்நாட்டில் கொண்ட பெயர். வீரமாமுனிவர் என்பது அதிலிருந்து தூய தமிழாக மலர்ந்தது. கடைசிக் காலத்தில் கேரளத்து அம்பழக்காட்டுக்குப் போனார். 1747 பிப்ரவரி 4ஆம் தேதி அங்கேயே இறந்தார். அதே பிப்ரவரி 4ஆம் தேதிதான், 1693இல், மதுரை மிஷனின் அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார்.

அவருக்குப் பிறகு சோதனை வந்தது. 1759இல் போர்த்துக்கல் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையினரை விரட்டியது. 1773இல் போப்பாண்டவரே அந்தச் சபையைக் கலைத்தார். கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த சில குருக்கள் முடிந்ததைச் செய்தார்கள். ஆனால் பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் குருவானவர் முகமே தெரியாத நிலை. 1830களின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரைக்குத் திரும்பி வந்தபோது, அங்கே செபம் சொல்லும் மக்கள் இருந்தார்கள். அந்த இடைவெளியை நிரப்பியதில் உபதேசியார்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அதற்குப் பின் கப்பலேறி மலாயாவுக்கு வந்த தமிழ்க் கத்தோலிக்கர்களில் பலர், அந்த ஊர்களின் மந்திரங்களையும் பாட்டுகளையும் மூட்டையோடு கொண்டுவந்தவர்கள்.

இந்த மண்ணிலும் அதே கேள்வி எழுந்தது. 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் ஒன்றாகக் கூடித் திருச்சபையின் எதிர்காலத்தைப் பேசினார்கள். அந்த ஒரு மாதமும் கோயில்களைப் பார்த்துக்கொண்டது பொதுநிலையினர். சிறு சிறு அடிப்படைச் சமூகங்களை வளர்ப்பது என்று அப்போது எடுத்த முடிவுதான், தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்குப் பெயர்ந்த பிறகும் வீட்டுக்கு வீடு செபக்கூட்டமாகத் தொடர்கிறது. 2021 மே மாதம் போப்பாண்டவர் பிரான்சிஸ், உபதேசியார் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணிகளில் ஒன்றாக அறிவித்தார். அதற்குத் தகுந்த பயிற்சி தர வேண்டும் என்பதும் அந்த ஆவணத்தில் இருக்கிறது.

வீரமாமுனிவரைத் தமிழுலகம் மறக்கவில்லை. 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது அதை முன்னின்று நடத்தியவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த தனிநாயகம் அடிகள். அவரும் கத்தோலிக்கக் குருவானவர். 1968இல் சென்னையில் இரண்டாவது மாநாடு நடந்தபோது மெரினா கடற்கரையில் வைக்கப்பட்ட சிலைகளில் வீரமாமுனிவர் சிலையும் ஒன்று. இங்கிருந்து சென்னைக்குச் சுற்றுலா போகிறவர்கள் கடற்கரைச் சாலையில் அதைப் பார்க்கலாம். ஏலாக்குறிச்சிக்குப் போக விரும்பினால், தஞ்சாவூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் சாலை வழி உண்டு.