பிரமிடை அளந்த பெட்ரி

எகிப்து நாட்டில் கிசா என்னும் இடத்தில் உள்ள பெரிய பிரமிடைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்தின் நீளம் சுமார் 230 மீட்டர், கட்டியபோது இருந்த உயரம் சுமார் 146 மீட்டர் என்று புத்தகங்களில் போட்டிருப்பார்கள். இந்த அளவுகளை நம்பத்தகுந்த முறையில் கண்டறிந்து உலகத்துக்குச் சொன்னவர், பள்ளிக்கூடமே போகாத ஒருவர். அவர் பெயர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி.

1853ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் இங்கிலாந்தில், லண்டனுக்கு அருகே உள்ள சார்ல்டன் என்னும் ஊரில் பெட்ரி பிறந்தார். தந்தை வில்லியம் பெட்ரி ஒரு பொறியாளர். தாய் ஆன் பல மொழிகள் கற்றவர். தாயைப் பெற்ற தாத்தாதான், கப்பலில் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவந்து வரைபடம் தயாரித்த புகழ்பெற்ற மாலுமி மேத்யூ ஃபிளிண்டர்ஸ். அவர் நினைவாகவே பேரனுக்கு அந்தப் பெயர்.

சிறுவன் பெட்ரிக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும். அதனால் வீட்டிலேயே படித்தான். எட்டு வயதில் ஒரு நாள், ரோமானியர் காலத்து வீடு ஒன்றை மண்வெட்டியால் வெட்டித் தோண்டியதைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்ட சிறுவனுக்குத் தாங்கவில்லை. மண்ணை ஒவ்வோர் அங்குலமாகச் சீவி எடுத்தால்தானே, எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று தெரியும் என்று அவன் வாதாடினான்.

அவனுக்குப் பதின்மூன்று வயதானபோது ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. எழுதியவர் பியாசி ஸ்மித். ஸ்காட்லாந்து நாட்டின் அரசு வானியலாளர், பெட்ரி குடும்பத்துக்கு நண்பரும்கூட. பெரிய பிரமிடு கடவுளின் கட்டளைப்படி கட்டப்பட்டது என்பது ஸ்மித்தின் நம்பிக்கை. பிரமிடு அங்குலம் என்று ஓர் அளவை அவர் சொன்னார். நம் அங்குலத்தைவிட அது ஒரு மயிரிழை பெரியது. 25 பிரமிடு அங்குலம் சேர்ந்தால் ஒரு புனித முழம். பிரமிடின் ஒரு பக்கத்தை அந்த முழத்தால் அளந்தால் 365.24 வரும், ஓர் ஆண்டுக்கு அத்தனை நாட்கள் அல்லவா என்றார் ஸ்மித்!

கேட்கும்போதே மயிர்க்கூச்செறிகிறது, இல்லையா? வில்லியம் பெட்ரி அதை அப்படியே நம்பினார். மகனும் நம்பினான். ஆனால், யாராவது போய்ச் சரியாக அளந்து பார்த்தால்தானே உறுதியாகும்?

அதற்காக இளைஞர் பெட்ரி தம்மைத் தயார் செய்துகொண்டார். தந்தை நில அளவை கற்றுக்கொடுத்தார். தென் இங்கிலாந்தின் பழைய மண்கோட்டைகளை எல்லாம் பெட்ரி நடந்தே போய் அளந்தார். ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழங்காலக் கல்வட்டத்தைத் தந்தையும் மகனும் சேர்ந்து அளந்தார்கள். பிரமிடுக்கும் இருவரும் சேர்ந்து போவதாகத்தான் திட்டம். தந்தை பயணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் 1880ஆம் ஆண்டு இறுதியில், 27 வயது பெட்ரி தனியாகவே எகிப்துக்குக் கப்பல் ஏறினார்.

கிசாவில் அவர் தங்கியது விடுதியில் அல்ல, பாறையில் குடைந்த ஒரு பழைய கல்லறையில்! உதவிக்கு அலி கப்ரி என்னும் உள்ளூர்க்காரர் இருந்தார். முன்பு ஸ்மித்துக்கும் உதவியவர் அவர். பிரமிடின் உள்ளே காற்றே கிடையாது, ஒரே புழுக்கம். ஆகவே சுற்றுலாப் பயணிகள் போன பிறகு, இரவில் விளக்கு வைத்துக்கொண்டு உள்ளே அளப்பார். பகலில் வெளியே இளஞ்சிவப்பு நிற உள்ளாடைகளோடு வேலை செய்வார். யாரோ கிறுக்கர் என்று நினைத்துப் பயணிகள் கிட்டே வரமாட்டார்கள். தொந்தரவு இல்லாமல் வேலை நடக்கும்!

வெளியே அளப்பதுதான் கடினம். பிரமிடின் அடிப்பகுதியைக் கல்லும் மண்ணும் மூடி மேடு தட்டிக் கிடந்தன. ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நாடாவை நேராகப் பிடிக்கவே முடியாது. பெட்ரி முக்கோணங்களைக் கொண்டு அளந்தார். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளில் உள்ள கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவியால் சுற்றுவட்டாரம் முழுவதும் முக்கோணங்கள் போட்டார். சந்தேகம் வந்தால் அதே கோணத்தைத் திரும்பத் திரும்ப அளப்பார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பிரமிடின் நான்கு மூலைகளிலும் பாறையில் வெட்டிய பள்ளங்கள் உண்டு. முன்பு அளந்தவர்கள் அந்தப் பள்ளங்களைத்தான் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். பள்ளங்களோ தளத்தைவிடத் தாழ்வானவை. பிரமிடு கீழே போகப் போக அகலும் அல்லவா? அதனால் பள்ளத்தில் அளந்தால் நீளம் கூடுதலாகத்தான் வரும். பக்கங்களின் நடுவே மேட்டைத் தோண்டிப் பார்த்தபோது, பழைய வெளிப்பூச்சுக் கற்கள் இருந்த இடத்திலேயே இருப்பதைப் பெட்ரி கண்டார். அவற்றைக் கொண்டு தளமட்டத்தில் பிரமிடின் உண்மையான விளிம்பைக் கணக்கிட்டார்.

விடை வந்தது. ஒரு பக்கத்தின் சராசரி நீளம் 9068.8 அங்குலம். ஸ்மித்தின் கணக்குப்படி சுமார் 9140 வரவேண்டும். 71 அங்குலம், அதாவது ஏறக்குறைய 6 அடி குறைந்தது!

வகுப்பில் பரப்பளவு நடத்தும்போது, நான் பிள்ளைகளை மைதானத்தில் அளக்க விடுவதுண்டு. நினைத்த எண் வரவில்லை என்றால் நாடாவைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். பிரமிடிலும் அப்படி ஒருவர் இருந்தார். உள்ளே ஒரு கருங்கல்லில் உள்ள சிறு புடைப்பைப் பிரமிடு அங்குலத்துக்குச் சான்றாக ஸ்மித் காட்டியிருந்தார். அந்தப் புடைப்பைக் கொள்கைக்குப் பொருந்தும்படி ஒருவர் அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்ததைத் தாம் பார்த்ததாகப் பெட்ரி எழுதியிருக்கிறார்.

பெட்ரி எதையும் தேய்க்கவில்லை. தந்தையின் நம்பிக்கைக்கு எதிரான எண்ணை, 1883இல் புத்தகமாகவே வெளியிட்டார். ஸ்மித் கடைசிவரை அதை ஏற்கவில்லை.

எகிப்தியர் உண்மையில் எந்த அளவுகோலைப் பயன்படுத்தினார்கள்? அதற்கும் பெட்ரி விடை கண்டார். பிரமிடின் உள்ளே உள்ள அரசர் அறை 20 முழம் நீளம், 10 முழம் அகலம். அதிலிருந்து ஒரு முழம் 20.62 அங்குலம் என்று தெரிந்தது. இப்போது வெளியே வாருங்கள். பிரமிடின் ஒரு பக்கம் 440 முழம், உயரம் 280 முழம். பின்னமே இல்லை!

ஒரு தாளில் 5.5 செ.மீ. நீளத்துக்குப் படுக்கைக்கோடு போடுங்கள். அதன் ஒரு முனையில் 7 செ.மீ. செங்குத்துக்கோடு போட்டு, இரண்டின் மறு முனைகளையும் சேருங்கள். அந்தச் சாய்கோடுதான் பிரமிடின் சரிவு. கோணமானியை வைத்துப் பார்த்தால் 52 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். எகிப்தியர் ஒரு முழத்தை 7 உள்ளங்கை அகலங்களாகப் பிரித்தார்கள். ஒரு முழம் உயர்ந்தால் ஐந்தரை உள்ளங்கை உள்ளே போ என்பதுதான் இந்தச் சரிவு.

நான்கு பக்கங்களையும் கூட்டி, உயரத்தால் வகுத்துப் பாருங்கள். 1760 ÷ 280. விடை, 22/7இன் இரு மடங்கு! ஸ்மித் கூட்டத்தார் சொன்ன இந்தப் பொருத்தத்தைப் பெட்ரியும் ஒப்புக்கொண்டார். ஏனென்றால், இது அளவில் வந்தது.

அதன்பிறகு அவர் எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் பல பத்தாண்டுகள் அகழாய்வு செய்தார். உடைந்த பானை ஓடுகளைக்கூடத் தூக்கி எறியாமல், வடிவத்தை வைத்து முன்பின் என்று வரிசைப்படுத்திக் காலத்தைக் கணித்தார். 1892இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எகிப்தியல் பேராசிரியர் ஆனார். மனைவி ஹில்டாவும் அகழாய்வுகளில் கூடவே உழைத்தார். 1923இல் சர் பட்டம் கிடைத்தது. மனித இனங்களில் உயர்வு தாழ்வு உண்டு என்ற தவறான கருத்தையும் அவர் கொண்டிருந்தார். கல்லிடம் காட்டிய கவனத்தை அவர் அங்கே காட்டவில்லை.

1925இல் எகிப்து அரசின் நில அளவைத் துறை பிரமிடை மீண்டும் அளந்தது. சராசரி 230.36 மீட்டர். பெட்ரியின் எண்ணை மீட்டருக்கு மாற்றினால் 230.35. வித்தியாசம் ஒரு விரல் அகலம்தான்!

1942ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள், 89ஆம் வயதில், ஜெருசலேம் நகரில் பெட்ரி காலமானார். தந்தையோடு அளந்தபோது ஸ்டோன்ஹெஞ்சின் கற்களுக்கு அவர் ஒவ்வோர் எண் கொடுத்திருந்தார். ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அந்தக் கற்களை அதே எண்களால்தான் குறிப்பிடுகிறார்கள்.