சர்க்கார் மானியத்தை உதறிய சால்மர்ஸ்

1843-ம் ஆண்டு மே 18-ந் தேதி. எடின்பரோ நகரத்து செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் ஸ்காட்லாந்து திருச்சபையின் மகாசபை கூடியது. விக்டோரியா ராணியின் பிரதிநிதியும் வந்து அமர்ந்திருந்தார். தலைவர் டேவிட் வெல்ஷ் எழுந்து ஓர் ஆட்சேபப் பத்திரத்தைப் படித்தார். ராணியின் பிரதிநிதிக்கு வணக்கம் செலுத்தினார். வாசலை நோக்கி நடந்தார். அவர் பின்னாலேயே 63 வயதுப் பெரியவர் ஒருவரும் நடந்தார். அதைக் கண்டதும் போதகர்கள் வரிசை வரிசையாக எழுந்து வெளியேறினார்கள்.

அந்தப் பெரியவர்தான் டாக்டர் தாமஸ் சால்மர்ஸ்.

ஆன்ஸ்ட்ரதர் என்ற கடற்கரை ஊரில் 1780-ல் பிறந்தவர். வியாபாரி ஒருவரின் 14 குழந்தைகளில் ஆறாவது. 11 வயதிலேயே சர்வகலாசாலையில் சேர்ந்துவிட்டார்! கணிதத்தில் அப்படி ஒரு மோகம். 1803-ல் கில்மனி கிராமத்துப் போதகரான பிறகும் மனம் கணக்கிலேயே கிடந்தது. கடும் நோயில் படுத்து எழுந்த பிறகுதான் பக்தி பிறந்தது. பிறகு கிளாஸ்கோவில் அவர் பிரசங்கம் என்றால் கூட்டம் நெரியும். 1828-ல் எடின்பரோவில் வேதசாஸ்திரப் பேராசிரியரானார்.

இவர் சர்க்கார் உதவியே வேண்டாம் என்றவர் அல்ல. ஏழைகள் வாழும் இடமெல்லாம் தேவாலயம் வேண்டுமானால் சர்க்கார் பணம் கொடுத்தே தீரவேண்டும் என்று வாதாடியவர். 1838-ல் லண்டனுக்கே போய் அதற்காகச் சொற்பொழிவுகள் ஆற்றினார். பணம் தரலாம், பிரசங்க பீடத்தில் யார் நிற்பது என்று மட்டும் சொல்லக்கூடாது. இதுதான் அவர் கட்சி.

ஆனால் அன்று ஊருக்குப் போதகரை நியமிக்கும் உரிமை பெரும்பாலும் நிலப்பிரபுக்களிடம் இருந்தது. பிடிக்காதவரை ஊரார் மறுக்கலாம் என்று 1834-ல் மகாசபை விதி செய்தது. அதே ஆண்டு ஆக்டரார்டர் என்ற ஊருக்குப் பிரபு ஒருவரை அனுப்பினார். 330 குடும்பத் தலைவர்களில் 287 பேர் வேண்டாம் என்றார்கள். அழைப்பில் கையெழுத்திட்டவர்கள் இரண்டே பேர்! வழக்கு கோர்ட்டுக்குப் போனது. சபையின் விதி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 1839-ல் பிரபுக்கள் சபையும் அதையே உறுதி செய்தது. 1841-ல் மார்னக் என்ற ஊரில் வேண்டாத போதகர் ஒருவரைப் பதவியில் வைத்தபோது, ஊரார் பைபிளை எடுத்துக்கொண்டு பனியில் வெளியே நடந்தார்கள்.

பார்லிமெண்டும் கைவிரித்தது. கடைசியில் சுமார் 1,200 போதகர்களில் 474 பேர் சம்பளத்தையும் குடியிருந்த வீட்டையும் விட்டார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள்! புதிய சுதந்திர சபைக்கு சால்மர்ஸே முதல் தலைவர்.

இந்தியாவிலிருந்த ஸ்காட்லாந்து சபை மிஷனரிகளும் அவர்கள் பக்கமே சேர்ந்தார்கள். ஜான் ஆண்டர்சன் சென்னையில் 1837-ல் தொடங்கிய பள்ளியும் அதனுடன் வந்தது. அதுவே பின்னாளில் சென்னை கிறிஸ்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

சாப்பாட்டுக்கு வழி? இங்கே கணித மூளை கைகொடுத்தது. வாரம் ஒரு பென்னி கொடுத்தாலும் போதும்; எல்லா ஊர்ப் பணமும் ஒரே நிதியில் சேரும்; அதிலிருந்து போதகர்களுக்குப் பங்கு. பணக்கார ஊரின் காசு ஏழை ஊரின் போதகரைக் காப்பாற்றியது.

சில பிரபுக்கள் தேவாலயம் கட்ட ஒரு சாண் நிலமும் தரவில்லை. ஸ்ட்ரான்டியன் ஊரார் இரும்பில் மிதக்கும் தேவாலயம் செய்து நீரில் நிறுத்திக்கொண்டார்கள்! இந்த நில மறுப்பைப் பற்றி 1847 மே மாதம் பார்லிமெண்ட் கமிட்டியில் சாட்சி சொல்லிவிட்டு வீடு திரும்பினார் சால்மர்ஸ். 30-ந் தேதி ஞாயிறு இரவு படுத்தவர், மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை.

போதகரை நியமிக்கும் பிரபுக்களின் உரிமையை 1874-ல் பார்லிமெண்டே ரத்து செய்தது.